ஈரப் பூச்சில் ஏவாள் முகம்: இத்தாலிய ஃப்ரெஸ்கோ முறையில் ஓர் ஓட்டுப் படம் தீட்ட முழுமையான வழிகாட்டி

ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல், பசையும் எண்ணெயும் சேர்க்காமல், வெறும் நீரில் குழைத்த வண்ணத்தால் தீட்டும் இத்தாலியச் சுவரோவிய முறைக்கு ஃப்ரெஸ்கோ என்று பெயர். ஓர் அடிச் சதுரமுள்ள சுடுமண் ஓட்டில் அந்த முறையை முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல ஓடுகளைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பிறகு புதியவர்கள் என் அருகில் அமர்ந்து செய்தபோது, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்து வைத்தேன். வரையத் தெரியாமல் கெட்ட ஓடுகள் மிகக் குறைவு. தூரிகையைத் தொடுவதற்கு முந்தைய வாரங்களில் ஏதோ ஒரு வேலையை முன்பின்னாகச் செய்ததால் கெட்டவையே அதிகம்.

ஆகவே முதலில் கால அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு ஊறுவதற்கு மூன்று மாதம், வண்ணங்களைச் சோதிக்க ஒரு வாரம், முதற்பூச்சு இறுகுவதற்கு மூன்று வாரம் வேண்டும். தீட்டும் வேலை ஒரே நாளில், அதிலும் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மற்ற மாதங்களைச் சுருக்கப் பார்ப்பவர்தான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க நேர்கிறது.

1. ஒரு நாளில் முடியும் படத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஃப்ரெஸ்கோவில் பூச்சு ஈரமாக இருக்கும் வரைதான் வண்ணம் பிடிக்கும். அதனால் இத்தாலிய ஓவியர்கள் அன்றைக்குத் தீட்டி முடிக்கக்கூடிய பரப்பை மட்டுமே அன்று பூசினார்கள். அந்த ஒரு நாள் துண்டுக்கு ஜோர்னாத்தா என்று பெயர். நாள்வேலை என்று சொல்லலாம். வானமோ சுவரோ என்றால் ஒரு நாள்வேலை பெரிய பரப்பைப் பிடிக்கும். முகம் என்றால் ஒரு தலைக்கே ஒரு நாள் போகும். உங்கள் ஓட்டில் ஒரே ஒரு தலை, அதற்குப் பின்னால் வெறும் ஒற்றை நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தில் உள்ள பிரான்காச்சி சிற்றாலயத்தில், 1420களின் நடுவில் மசாச்சோ தீட்டிய ஏவாளின் முகத்தைத்தான் புதியவர்களுக்கு நான் தருகிறேன். ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் காட்சியில், அண்ணாந்து அழும் முகம் அது. கண்கள் இரண்டும் சரிந்த கருங்கோடுகள். வாய் ஒரு கருங்குழி. அருகில் போய்ப் பார்த்தால் இமையும் இல்லை, பாவையும் இல்லை. சில வீச்சுகளில் முடிந்துவிடும் முகம் என்பதால் நேரத்துக்குள் அடங்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ராஃபேலின் மரியாள் போன்ற மென்மையான முகத்தைத் தேர்ந்தெடுப்பது. வெளிச்சம் நிழலுக்குள் இழைந்து கரையும் அந்த இழைப்பு தேர்ந்த கைக்கே சிரமம். முதல் ஓட்டில் அது சேறாகத்தான் முடியும்.

2. சுண்ணாம்பு

இந்த முறையில் சுண்ணாம்புதான் பசை. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீரில் போட்டால் கொதித்து நீறுகிறது. அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரில் பூசிய பிறகு, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. அப்படி மாறும்போது மேற்பரப்பில் படரும் மெல்லிய படிகத் தோலுக்குள் வண்ணத் துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. வண்ணம் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, கல்லின் பகுதியாகிவிடுகிறது என்பதை மறவாமல் இருந்தால் கீழே வரும் விதிகள் பலவும் தாமாகவே புரியும்.

உங்களுக்குத் தேவையானது நீருக்கடியில் ஊறிய சுண்ணாம்புக் களி. சுட்ட கல்லை வீட்டில் நீற்ற வேண்டாம். கொதிக்கும் சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும். காளவாயிலிருந்து நீற்றிய களியாகவே வாங்கி, வலைத்துணியில் வடிகட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மேலே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி வைத்து மூன்று மாதமாவது விட்டுவிடுங்கள். ஊற ஊறத் துகள்கள் நுண்மையாகிக் களி வெண்ணெய் போலக் குழையும். நீறாமல் உள்ளே மறைந்திருக்கும் சிறு கட்டிகளும் இந்த மாதங்களில்தான் நீறும். அவசரப்பட்டால், அந்தக் கட்டிகள் படம் முடிந்த பிறகு பூச்சுக்குள் நீறிப் பருத்து, கன்னத்தின் நடுவில் சின்னச் சின்னக் குழிகளாக வெடித்துத் தெறிக்கும்.

புதியவர் ஒருவர் வீட்டில் கிடந்த பழைய சுண்ணாம்புத் தூள் மூட்டையைக் கொண்டுவந்து, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்டார். தூள் காற்றுப் பட்டுக் கிடந்தால் மூட்டைக்குள்ளேயே கல்லாக மாறிவிடும். மறுபடி பிடிக்கும் சக்தி அதற்கு இராது. அவர் தீட்டிய படம் காய்ந்த பிறகு விரலால் தொட்டதும் கோதுமை மாவு போல உதிர்ந்தது. வெள்ளைச் சிமெண்டையும் பாரிஸ் சாந்தையும் கலந்து ஈடுகட்டவும் முயலாதீர்கள். இரண்டும் வேறு வகையில், வேறு வேகத்தில் இறுகுபவை.

களியைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது கால் மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவியபடியே மருத்துவரிடம் போக வேண்டும்.

3. மணலும் நீரும் ஓடும்

மணல் இரண்டு வகை வேண்டும்: முதற்பூச்சுக்குக் கொரகொரப்பானது, மேற்பூச்சுக்கு மெல்லிய சல்லடையில் சலித்த பொடி மணல். மேற்பூச்சு மணலில் பாதியைச் சலவைக்கல் தூளாகப் போட்டால் பரப்பு இன்னும் வழுவழுப்பாகும். மணலைக் கழுவும்போது நீர் தெளியும் வரை கழுவுங்கள். மண் கலந்த மணல் வெடிப்பைத் தரும். உப்புக் கலந்த மணல், காய்ந்த பிறகு வெள்ளைப் பூப் பூக்கும். கிணற்று நீர் உப்பாக இருந்தாலும் அதே கதிதான் என்பதால், குடிக்கும் நீரையே பயன்படுத்துங்கள்.

ஓடு மெருகு பூசாததாக, நீர் உறிஞ்சுவதாக இருக்க வேண்டும். ஒரு துளி நீரை விட்டால் உடனே உள்ளே போக வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் அந்த ஓடு ஆகாது. மரப்பலகையில் பூசுகிறேன் என்று சிலர் தொடங்குவார்கள். பலகை ஈரத்தில் உப்பிக் காயும்போது சுருங்கும், பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

4. சுண்ணாம்பைத் தாங்கும் வண்ணங்கள்

சுண்ணாம்பு கடுமையான காரம். அதற்குள் உயிர் வாழும் வண்ணங்கள் சிலவே. மஞ்சள் காவி, செங்காவி, பழுப்பு மண், சுட்ட பழுப்பு மண், பச்சை மண், கரி ஆகிய ஆறும் போதும். எல்லாம் தூளாக, பசை கலக்காததாக இருக்க வேண்டும். வெள்ளைக்குத் தனி வண்ணம் தேவையில்லை. ஊறிய சுண்ணாம்பே வெள்ளை.

நம் வீட்டிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மஞ்சள்தூளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தித் தட்டில் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். தாவரச் சாயம் காரத்தில் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. பிரஷ்ய நீலம் நிறம் கெட்டுப் பழுப்பேறும். குழாயில் வரும் அக்ரிலிக், போஸ்டர் வண்ணங்கள் எல்லாவற்றிலும் பசை இருப்பதால் அவை கல்லுக்குள் போகாமல் மேலேயே தோலாக நின்றுவிடும்.

பெரிய ஓவியர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல்தளத்தில் சிமபூவே ஈய வெள்ளையைப் பயன்படுத்தினார். அது நாளடைவில் கருத்துப்போய், இன்று வெளிச்சமாக இருக்க வேண்டிய முகங்கள் கறுப்பாகவும் நிழல்கள் வெளிறியும், பழைய புகைப்பட நெகட்டிவ் போலத் தெரிகின்றன. பதுவா நகரின் ஸ்க்ரொவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜோத்தோ, மரியாளின் மேலங்கிக்கு அசுரைட் என்னும் செம்புக்கனிம நீலத்தைப் பயன்படுத்தினார். அது ஈரச் சுண்ணாம்பில் நிலைக்காது என்பதால் காய்ந்த பிறகு பசையோடு பூசப்பட்டது. சுவரோடு சேர்ந்த வண்ணங்கள் நிலைத்திருக்க, அந்த நீலம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது.

ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு சிட்டிகையைச் சுண்ணாம்புக் களியோடு கலந்து கண்ணாடித் துண்டில் தடவி ஒரு வாரம் வைத்திருங்கள். நிறம் மாறாதவற்றை மட்டும் எடுத்து, நீர் விட்டு அரைத்துக் களியாக்கி மூடியிட்டு வையுங்கள். தீட்டும் நாளில் தூளை அள்ளிக் கலக்கும்படி விடக்கூடாது. நனையாத தூள் தூரிகையில் கோடு கோடாக இழுக்கும். அதைத் திருத்த அன்று நேரம் இராது.

5. முழு அளவு வரைபடமும் குத்தூசியும்

ஈரப் பூச்சின் முன் நின்றுகொண்டு மூக்கு எங்கே வரும் என்று யோசிக்கக் கூடாது. எல்லா முடிவுகளையும் தாளில் எடுத்துவிட வேண்டும். ஓட்டின் அளவுக்கே ஒரு தாள் வெட்டி முகத்தைக் கோட்டில் வரைந்து, நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் கோடாகவே குறியுங்கள். மசாச்சோவின் ஏவாளுக்கு வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருகிறது. அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான சன்னல் இருந்த திசை அதுதான். ஆகவே உங்கள் வரைபடத்திலும் இடப்பக்கம் இருள வேண்டும்.

பிறகு அந்தத் தாளின் அடியில் இன்னொரு வெற்றுத் தாளை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோட்டின் மேல் அரை விரற்கடைக்கு ஒரு குத்தாக ஊசியால் குத்திக்கொண்டு போங்கள். தீட்டும் நாளில் வெற்றுத் தாளைத்தான் ஈரப் பூச்சில் வைக்க வேண்டும். அது நனைந்து கரியாகி வீணாகும். வரைந்த தாள் சுத்தமாகக் கண்முன் நிற்கும். மிலானின் அம்ப்ரோசியானா காட்சிக்கூடத்தில் ராஃபேலின் ‘ஏதென்ஸ் பள்ளி’ ஓவியத்துக்கான பெரிய வரைபடம் இன்றும் இருப்பதற்கு இந்த இரட்டைத் தாள் வழக்கமே காரணம்.

இதே அளவில் காகிதத்தில் ஒருமுறை வண்ணத்திலும் தீட்டிப் பார்த்துவிடுங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் பத்துக்கு எட்டுப் பேர். தீட்டும் நாளில் தடுமாறுகிறவர்களும் அநேகமாக அவர்களேதான்.

6. முதற்பூச்சு

ஓட்டை முந்தின இரவே நீரில் ஊறப் போடுங்கள். காய்ந்த ஓடு பூச்சிலுள்ள நீரை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். நீர் இல்லாமல் சுண்ணாம்பு இறுகாது, தூளாகவே நிற்கும்.

ஒரு பங்கு களிக்கு இரண்டரைப் பங்கு கொர மணல். கூடுதலாக நீர் விடாமல், கரண்டியால் அடித்து அடித்துக் கலக்குங்கள். தொடக்கத்தில் சாந்து வறண்டது போலத் தெரியும். அடிக்க அடிக்கக் களியிலிருந்தே ஈரம் வெளிவந்து இளகும். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து ஒரு குவளை நீரை ஊற்றுவது எல்லோரும் செய்யும் பிழை. ஊற்றிய நீர் பின்னால் ஆவியாகிப் போகும் இடமெல்லாம் வெடிப்பு விழும்.

சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஓட்டில் அறைந்தாற்போலப் பூசி, தேய்ப்புக் கட்டையால் மட்டம் பார்த்து, வழுவழுப்பாக்காமல் விட்டுவிடுங்கள். அரைகுறையாக இறுகியதும் ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட வேண்டும். இத்தாலியர் அரிச்சோ என்று அழைக்கும் இந்தப் பூச்சுக்கு இரண்டு வேலைகள்: மேற்பூச்சு பற்றிக்கொள்ளச் சொரசொரப்பைத் தருவது, தீட்டும் நாளில் அடியிலிருந்து நீரை ஊட்டிக்கொண்டே இருப்பது. இரண்டாவது வேலைக்காகத்தான் ஒரு சென்டிமீட்டர் கனம். மெல்லியதாகப் பூசினால் நடுமதியத்திலேயே தாகம் எடுத்துவிடும்.

வெயில் படாத இடத்தில் மூன்று வாரம் விடுங்கள். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும்.

7. செங்காவிக் கோடும் நூலடித்தலும்

இறுகிய முதற்பூச்சின் மேல் செங்காவியை நீரில் கரைத்து, தலையின் அமைப்பை ஏழெட்டுக் கோடுகளில் வரையுங்கள். இதற்குச் சினோப்பியா என்று பெயர். கருங்கடல் ஓரத்துச் சினோப் துறைமுகத்திலிருந்து வந்த செம்மண்ணால் அமைந்த பெயர் அது. மேற்பூச்சு வந்ததும் இது மறைந்துவிடும். மறையப் போகிற ஒன்றை ஏன் வரைய வேண்டும் என்று தவறாமல் யாராவது கேட்பார்கள். தாளில் சரியாக இருக்கும் தலை ஓட்டின் சட்டத்துக்குள் சாய்ந்து தெரிகிறதா, நெற்றிக்கு மேல் இடம் போதுமா என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். பூச்சு போட்ட பின் தெரிந்தால் பயனில்லை.

இப்படி மறைந்துபோன கோடுகளைப் பார்க்க வேண்டுமானால் பீசாவுக்குப் போக வேண்டும். 1944 ஜூலையில் குண்டுவீச்சில் அங்குள்ள காம்போசாந்தோ கல்லறை மண்டபம் எரிந்து, கூரையின் ஈயம் உருகிச் சுவர்களில் வழிந்தது. எஞ்சிய ஓவியங்களைக் காப்பாற்றுவதற்காகச் சுவரிலிருந்து உரித்தெடுத்தபோது, அடியில் செங்காவிக் கோடுகள் முழுமுழுச் சுவராக வெளிப்பட்டன. அவற்றுக்கென்றே இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நேர்க்கோடு ஏதாவது தேவையென்றால் அளவுகோல் வேண்டாம்; கொத்தனார் செய்வதுபோல நூலடித்துவிடுங்கள். மசாச்சோவும் புளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லாவில், சுமார் 1427இல் தீட்டிய ‘திரித்துவம்’ ஓவியத்தில் ஆணியடித்து நூல் இழுத்து மண்டபத்தின் கோடுகளைப் பூச்சில் பதித்திருக்கிறார். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தப் பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன.

8. மேற்பூச்சு: தீட்டும் நாளின் காலை

முந்தின இரவு முதற்பூச்சை நன்றாக நனைத்து, காலையில் மறுபடி நனைத்து, மேலே நிற்கும் நீர் முழுவதும் உள்ளே போன பிறகுதான் தொடங்க வேண்டும். ஒரு பங்கு களிக்கு ஒன்றரைப் பங்கு பொடி மணல். முதலில் இரண்டு மில்லிமீட்டர் அழுத்தித் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து இன்னும் இரண்டு மில்லிமீட்டர் பூசி, தேய்ப்புக் கட்டையால் வட்டமாக வருடி, கடைசியில் கரண்டியால் ஒரே ஒருமுறை மெல்ல இழுங்கள். கரண்டியால் பளபளவென்று மெருகேற்றினால் சுண்ணாம்பும் நீரும் மேலே திரண்டு, உள்ளே வாய் மூடிக்கொள்ளும். அப்படி மூடிய பரப்பு வண்ணத்தைக் குடிக்காது.

சாந்தில் நீர் கூடிவிட்டால் பூஞ்சையும் பூக்கும். மைக்கேலாஞ்சலோ 1508இல் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையைத் தீட்டத் தொடங்கிய சில காலத்துக்குள் படத்தில் பூஞ்சை படர, பூச்சில் நீர் மிகுதியாக இருந்ததே காரணம் என்று அவருக்குச் சொல்லித்தர நேர்ந்தது என்று அவர் காலத்து வரலாறு கூறுகிறது.

இனி காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூச்சின் மேல் ஈர மினுமினுப்பு இருக்கும் வரை தொடாதீர்கள். மினுமினுப்பு மங்கியதும் ஓரத்தில் விரல் நுனியை வையுங்கள். விரல் அமிழ்ந்தால் இன்னும் ஆகவில்லை. பள்ளம் விழாமல் விரலின் ரேகை மட்டும் படிந்து, விரல் குளிர்ந்து, வெள்ளை ஒட்டாமல் திரும்பினால் நேரம் வந்துவிட்டது. கோடையில் இருபது நிமிடத்தில் வரும். மழை நாளில் ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். சுழலும் விசிறிக்கு அடியில் பூசிவிட்டு, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டதே என்று சுண்ணாம்பைக் குறைசொன்னவர்கள் உண்டு.

9. கரிப்பொடியால் கோட்டை இறக்குதல்

மெல்லிய துணியில் கரித்தூளை முடிந்து ஒரு பொட்டலம் செய்துகொள்ளுங்கள். குத்திய வெற்றுத் தாளைப் பூச்சின் மேல் வைத்து, மேலே இருவரில் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் பொட்டலத்தால் மெல்லத் தட்ட வேண்டும். தாளை எடுத்தால் புள்ளிக் கோலம் போல முகம் நிற்கும். இதற்கு ஸ்போல்வெரோ என்று பெயர். தட்டுவதற்குப் பதிலாகத் தேய்த்தால் கரி பரவி, பின்னால் மேலே வரும் வெளிர் நிறமெல்லாம் சாம்பல் பூக்கும்.

குத்தூசிக்குப் பொறுமை இல்லாதவர்கள் தாளின் மேல் மழுங்கிய குச்சியால் கோட்டை அழுத்தி ஈரப் பூச்சில் பள்ளமாகவும் பதிக்கலாம். சிஸ்டைன் கூரையில் இரண்டு முறைகளும் இருக்கின்றன. புதியவருக்கு நான் புள்ளிகளையே சொல்வேன். பள்ளம் தவறினால் அழிக்க முடியாது.

10. தீட்டுதல்

தோல் நிறத்துக்கு முன்கூட்டியே மூன்று கிண்ணங்கள் கலந்து வையுங்கள்: இருள், நடு, ஒளி. நடுநிறத்தில் மஞ்சள் காவியும் கொஞ்சம் செங்காவியும் சுண்ணாம்பும் இருக்கும். அதையே பழுப்பு மண் சேர்த்து இருளாகவும், சுண்ணாம்பு சேர்த்து ஒளியாகவும் பிரிக்க வேண்டும். தீட்டும்போது கிண்ணத்தில் நிறம் திருத்த உட்கார்ந்தால் அதே நிறத்தை மறுபடி கொண்டுவர முடியாது. நெற்றியில் ஒரு தோல், கழுத்தில் வேறொரு தோல் என்றாகிவிடும். கலக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: காய்ந்தபின் எல்லா நிறமும் வெளிறும். உலர்ந்த செங்கல்லில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நிமிடத்தில் உண்மை நிறம் தெரிந்துவிடும்.

முதலில் பின்புலத்தை முடியுங்கள், மேலிருந்து கீழாக. சொட்டினால் கீழே இன்னும் தீட்டாத இடத்தில்தான் சொட்டும். பிறகு மஞ்சள் காவியால் புள்ளிகளைக் கோடாக்கிவிட்டு, முகம் முழுவதும் பச்சை மண்ணை நீர்க்க ஒருமுறை படரவிடுங்கள். மேலே வரும் சிவப்பு இந்தப் பச்சையால்தான் தோலாகிறது. பச்சை இல்லாத முகம் செங்கல் போல நிற்கும். அடுத்து இருள், அதற்கடுத்து நடு, இறுதியில் ஒளி. ஒளியிலிருந்து தொடங்கினால், நிழலை மேலே வைக்கும்போது அடியிலுள்ள சுண்ணாம்பு கலந்து நிழல் பால் போல வெளிறும்.

தூரிகை நீண்ட மென்மையான மயிருள்ளதாக இருக்கட்டும். வண்ணத்தில் தோய்த்து, விரலால் பிழிந்து, ஒரே திசையில் வீச்சு வீச்சாக வையுங்கள். ஒரு வீச்சை வைத்த இடத்தில், அது உள்ளே போகும் வரை மறுபடி தொடாதீர்கள். இத்தனை விதிகளிலும் அதிகம் மீறப்படுவது இதுதான். காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தை இழைத்துப் பழகிய கை, ஈரப் பூச்சிலும் தேய்த்துத் தேய்த்து இழைக்கப் பார்க்கும். மூன்றாவது தேய்ப்பில் பூச்சின் தோல் கிளம்பி மணலும் சுண்ணாம்பும் தூரிகைக்கு வந்துவிடும். அந்த இடத்தில் படிகத் தோல் பிறகு உருவாகவே உருவாகாது. நிறங்களை இணைக்க வேண்டுமென்றால், மெல்லிய இணைகோடுகளை அடுத்தடுத்து வையுங்கள். தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றை இணைத்துக்கொள்ளும்.

முதல் மணி நேரத்தில் பூச்சு வண்ணத்தைச் சோம்பலாகத்தான் வாங்கும். நிறம் மேலேயே மிதப்பதுபோல இருக்கும். பதறி இரண்டாம் தடவை பூசாதீர்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து ஒரு மாற்றம் வரும்: தூரிகை பட்டவுடன் வண்ணம் சட்டென்று உள்ளே இழுபட்டு, வீச்சு வைத்தது வைத்தபடி நிற்கும். முகத்தின் முக்கியமான இடங்களை, ஏவாளின் அந்த இரண்டு கண்கோடுகளையும் வாய்க்குழியையும் நெற்றியின் ஒளியையும், இந்த நேரத்துக்காகவே மிச்சம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பூச்சு பேராசையோடு குடிக்கத் தொடங்கும். தூரிகை உலர்ந்து இழுபடும், வைத்த நிறம் உடனே வெளிறி மாவு போலத் தெரியும். அப்போது நிறுத்திவிட வேண்டும். ஒரு காது பாக்கியிருந்தாலும் நிறுத்த வேண்டும். அதன் பின் வைப்பது எதுவும் பிடிக்காது; காய்ந்ததும் துணியோடு வந்துவிடும்.

11. ஓரம் வெட்டுதல்

ஓட்டில் ஒரே நாள்வேலை என்பதால் விளிம்பில் வழிந்த பூச்சைக் கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்தால் போதும். ஆனால் அடுத்து இரண்டு நாள்வேலையுள்ள பெரிய படம் செய்யும் எண்ணம் இருந்தால் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். தீட்டாமல் மிஞ்சிய பூச்சை அன்று மாலையே, வெளிப்புறம் சரியும்படி சாய்வாக வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டு எப்போதும் உருவத்தின் ஓரக்கோட்டிலோ ஆடையின் மடிப்பிலோ போக வேண்டும். கன்னத்தின் குறுக்கே போனால் மறுநாள் என்ன செய்தாலும் தையல் தெரியும். இத்தாலியச் சுவர்களின் முன் நிற்கும்போது பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தால், தலைகளைச் சுற்றி இந்தத் தையல்கள் மெல்லிய மேடாகத் தெரியும். எந்தத் துண்டு எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், எது முந்தின நாள் என்றும் சொல்லிவிடலாம்.

12. திருத்தம்

பிழை நடந்துவிட்டால் வழி ஒன்றே: அந்தத் துண்டைக் கத்தியால் வெட்டிப் பெயர்த்துப் புதிதாகப் பூசி, மறுபடி தீட்டுவது. காய்ந்தபின் முட்டை மஞ்சட்கரு கலந்த வண்ணத்தால் சரிசெய்யலாமே என்றால், செய்யலாம். அதற்குச் செக்கோ என்று பெயர். ஆனால் அது கல்லுக்குள் போகாமல் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் தோல். ஈரத்தில் வைக்கவே முடியாத நிறத்துக்கும் மிகச் சிறிய நுணுக்கத்துக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஏவாளே காட்டுவாள். 1680 வாக்கில் யாரோ ஆதாம் ஏவாள் மேல் மறைப்புக்காக இலைகளை வரைந்து சேர்த்தார்கள். 1980களில் நடந்த சீரமைப்பில் அந்த இலைகள் நீக்கப்பட்டன. அடியிலிருந்த மசாச்சோவின் உடல்கள் அப்படியே நின்றன. மிலானில் லியனார்டோ டா வின்சி ‘இறுதி இராவுணவு’ ஓவியத்துக்கு இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நாளுக்குள் முடிக்கும் நெருக்கடி அவர் கைக்கு ஒத்துவராததால் காய்ந்த சுவரில் பசை கலந்த வண்ணத்தால் தீட்டினார். 1498 வாக்கில் முடிந்த அந்த ஓவியம், அவர் உயிரோடு இருக்கும்போதே உதிரத் தொடங்கியது.

13. காயவிடுதல், பிறகு வரும் குறைகள்

படத்தை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். மூன்று வாரம் தொட வேண்டாம். முதல் நாள்களில் திட்டுத் திட்டாக நிறம் மாறி அழுக்குப் போலத் தெரியும். ஈரம் ஒரே சீராகப் போகாததால் வருவது அது, ஒரு மாதத்தில் தானே சமமாகும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் கரியமில வாயு உள்ளே போகும் முன் நீர் போய்விடும், படிகத் தோல் முழுமையாக உருவாகாது.

மெருகெண்ணெயோ பசையோ மேலே பூசாதீர்கள். சிஸ்டைன் கூரையில் பழைய சீரமைப்பாளர்கள் நிறம் துலங்குவதற்காகப் பூசிய பிராணிப் பசை, மெழுகுவத்திப் புகையோடு சேர்ந்து கருத்துப்போய், அதை நீக்க 1980 முதல் 1989 வரை வேலை நடந்தது.

விரலில் தூள் ஒட்டினால், பெரும்பாலும் கடைசி மணி நேரத்தில் நேரம் கடந்து தீட்டியிருக்கிறீர்கள். முகம் முழுவதும் ஒட்டினால் சுண்ணாம்பையே சந்தேகியுங்கள். மயிரிழை வெடிப்புகள் வலை போல வந்தால் மேற்பூச்சில் களியோ நீரோ அதிகம். தட்டிப் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் பொள்ளென்று ஒலித்தால், முதற்பூச்சு நனையாத இடம் அது. மேற்பூச்சு அங்கே பற்றவில்லை.

மிஞ்சிய களியை வாளியிலேயே நீருக்கடியில் திரும்பவும் மூடிவையுங்கள். அடுத்த ஓட்டுக்கு அது இன்னும் நன்றாக ஊறியிருக்கும். தூரிகைகளை அன்றே கழுவிவிட வேண்டும். இரவு முழுவதும் விட்டால் காரம் மயிரைத் தின்றுவிடும். கழுவிய நீரைத் தொட்டியின் குழாயில் ஊற்றாமல், ஒரு வாளியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வெளியே கொட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு குழாய்க்குள் போனால், ஓட்டில் இறுகியதைப் போலவே அங்கேயும் இறுகிவிடும்.